கொட்டேஷன் எண் 41

மேலூர் தாண்டி, கல்லறுக்கும் கம்பெனி.
அறுத்த மாவு தண்ணீரோடு ஓடிக் காய்ந்து
முன்வாசல் பூராவும் பொருக்குத் தட்டியிருக்கிறது.
கடப்பாரை போட்டால் தரை திருப்பிப் பேசுகிறது.
போர்த் தண்ணீரை மீட்டரில் பார்த்தேன்,
நாக்கில் ஒரு சொட்டு வைத்தும் பார்த்தேன்.
நாக்கு துல்லியம்.

"பச்சையாத் தெரியணும்" என்றார்
முதலாளி மகன் பிரபுசங்கர்.
போனில் ஒரு படம் காட்டினார்.
எந்த ஊரோ,
அங்கே மழை விட்டபாடில்லை.

நானும்தான் ஒத்துக்கொண்டேன்.
ஓசூரிலிருந்து சுருட்டி வந்த கொரியன் புல்லை
ஒச்சம்மாவும் நானும் பாய் விரிப்பதுபோல் விரித்தோம்.
போட்டோ எடுத்தார்கள். செக் பாஸானது.
பங்குனியில் ஓரமெல்லாம் பீடி நுனி.
சித்திரையில் அழகரைப் பார்க்க
குடும்பத்தோடு மதுரைக்குப் போன டேங்கர்காரர்
நாலு நாள் வரவில்லை.
ஐந்தாம் நாள் ஒரு மாடு உள்ளே வந்து
மோந்து பார்த்துவிட்டு வெளியே போனது.

செத்ததை அள்ளப் போன அன்றுதான்
மாவுக் குட்டைக்குப் பின்னால்
ஒச்சம்மா நின்றுவிட்டாள், கூடை இடுப்பிலேயே இருக்க.
வெள்ளைக் கரையில்
மஞ்சளாய் மூணு ஆவாரை.
"யாரு வச்சது?"
"யாரும் வைக்கல. அதான் இருக்கு."

அன்று மத்தியானம் சோற்றைத் திறக்காமல்
காம்பவுண்டைச் சுற்றி வந்தேன்,
பில் புக்கின் பின்பக்கத்தில் எழுதியபடி.
லாரி மிதித்த தடத்தில் நெருஞ்சி.
மின்கம்பத்தின் இழுவைக் கம்பியைப் பற்றி ஏறிய பிரண்டை.
கழிவுக்கல் அடுக்கின் இடுக்கில் சங்கஞ்செடி,
முள்ளில் யாருடைய துப்பட்டா நூலோ.
வேலி நெடுக கொழுஞ்சி.
பன்னிரண்டு வருஷமாக இதே தொழில்.
களை என்று இவற்றைப் பிடுங்கிப் போட்டதற்கு
ஒவ்வொரு இடத்திலும் கூலி வாங்கியிருக்கிறேன்.

நர்சரியில் உசில் கேட்டேன்.
"உசிலம்பட்டி பஸ் அந்தப் பக்கம் மேடம்" என்றான் பையன்.
விளையாட்டுக்குச் சொல்லவில்லை.
விதைக்கு நாகமலை அடிவாரம் போனோம்,
நொச்சிப் போத்துக்கு ஏதோ ஒரு கண்மாய்க்கரை.
உகாய் மட்டும் கடலோரத்தது:
தொண்டியிலிருந்து மீன் ஏற்றி வரும் ஜபருல்லா
ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார்.
உப்பில் பிறந்தது.
எங்கள் போர்த் தண்ணீரைக் குடித்துவிட்டு
ஒன்றும் சொல்லவில்லை.

புதுக் கொட்டேஷன் எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை.
பொருக்கு உடைக்க, குழி தோண்ட: ஆள் கூலி.
கண்மாய் வண்டல்: டிராக்டர் இரண்டு நடை.
மூடாக்குக்கு உடைகல்: உங்களுடையதே.
தண்ணீர்: ஐப்பசி தரும், அதுவரை பொறுக்கவும்.
ஆவாரை:
ஆவாரைக்கு என்ன ரேட் போட?

பிரபுசங்கரின் விரல் பட்டியலில் இறங்கி வந்து
எருக்கில் நின்றது.
"மேடம், ஒருத்தன் ஒழியணும்னா எங்க ஊர்ல
ஒன் வீட்ல எருக்கு மொளைக்கம்பாங்க."
பேனாவால் அடித்தேன்.
மற்றதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

மழை இரண்டு தரம் ஏமாற்றி
மூன்றாம் தரம் வந்தது.
உசிலில் பாதி போனது. நொச்சி அத்தனையும் பிழைத்தது.
பச்சையா என்றால்,
ரோட்டிலிருந்து பார்க்கச் சாம்பல்தான்.
கிட்டே வரணும்.

தை மாசம் கடைசி பில் கொடுக்கப் போனேன்.
கேட்டுக்கு நேர் எதிரே, சிமென்ட் வெடிப்பில்,
முழங்கால் உயரத்துக்கு எருக்கு.
வாட்ச்மேன் அதைச் சுற்றி
நாலு கல் வைத்திருந்தார், லாரி ஏறாமல்.
ஓர் இலையின் ஓரத்தை
வரிபோட்ட புழு ஒன்று தின்றுகொண்டிருந்தது, அவசரமில்லாமல்.
பிரபுசங்கர் அதைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.

பில்லைத் திரும்ப வாங்கி
கடைசி வரியில் எழுதினேன்:
எருக்கு, எண்ணிக்கை ஒன்று.
தொகைக் கட்டத்தில்
ஒரு கோடு.